முன்பாரம் பார்க்கிறவள்

மற்றத் தொழிலில் எல்லாம் வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுத்தால் போதும், சிரித்துக்கொண்டே போய்விடுவார். எங்கள் தொழிலில் மட்டும் அவர் பாடுபட்டு ஏற்றிக்கொண்டு வந்த சாமானை எல்லாம் இறக்கி வேறு இடத்தில் ஏற்றச் சொல்ல வேண்டும். சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? உங்களில் யாராவது ஏதோ ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று, நல்லதைச் சொல்லித் திட்டு வாங்கியிருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். இது உங்களுக்குத்தான்.

சுங்கை காடுட்டில் எங்களுடையது சின்ன இரும்புப் பட்டறை. காருக்கும் பிக்கப்புக்கும் பின்னால் டிரெய்லர் இழுக்கிற கொக்கி பொருத்துவோம். டிரெய்லரும் செய்வோம். வெல்டிங் என் வீட்டுக்காரர் வேலை, பேச்சு என் வேலை. அவர் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை ஒரு தே-ஓ தேநீர் கிளாஸில் ஊற்றி மூடி போட்டுவிடலாம்.

டிரெய்லரின் கழுத்து வண்டியின் கொக்கியில் வந்து உட்காருகிறது அல்லவா, அந்த இடத்தில் எவ்வளவு பாரம் அழுத்துகிறது என்பதுதான் முன்பாரம். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மொத்தம் நூறு கிலோ என்றால் பத்திலிருந்து பதினைந்து கிலோ வரை கழுத்தில் இருக்க வேண்டும். கூடினால் இழுக்கிற வண்டியின் பின்பக்கம் குந்திவிடும், முன்சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்காது. குறைந்தால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். முதலில் செல்லமாக ஆட்டும், அப்புறம் வண்டியையும் சேர்த்து இழுத்து ஆட்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு தராசு போதும். எனக்கு வந்த வம்பெல்லாம் அந்தத் தராசால் வந்ததுதான்.

தராசைக் கண்டதும்

எங்கள் தராசு ஒன்றும் பெரிய இயந்திரம் இல்லை. வீட்டில் ஏறி நின்று எடை பார்த்துவிட்டுக் கவலைப்படுவோமே, அதே தராசுதான். டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கழுத்தைக் கழற்றி ஒரு மரத்துண்டின் மேல் இறக்குவோம். மரத்துண்டு தராசின் மேல் இருக்கும். தராசு தாங்காத பாரம் என்றால் நீளப் பலகை ஒன்று போட்டு, ஒரு முனையைத் தராசிலும் மறு முனையைச் செங்கல்லிலும் வைத்து, பாரத்தைச் செங்கல் பக்கமாகத் தள்ளி வைத்துக் கணக்குப் போடுவோம். இவ்வளவுதான் வித்தை. ஆனால் நான் இந்தத் தராசைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் வாடிக்கையாளர்களின் முகம் ஏன் அப்படி மாறுகிறது என்று ரொம்ப நாள் எனக்கு விளங்கவில்லை.

ஆடு வளர்க்கிற பெருமாள் முதன்முறை வந்தபோதுதான் விளங்கியது. பெருமாள் நல்ல உடம்புக்காரர், சாப்பாட்டில் குறை வைக்காத மனிதர். தராசோடு நான் நேராக அவரைப் பார்த்து நடந்ததும் இரண்டடி பின்னால் போனார். இன்னும் இரண்டடி போய் வேலியில் முட்டிக்கொண்டார். பயப்படாதீர்கள், டிரெய்லருக்குத்தான் என்றேன். அவர் நம்பவில்லை. “கிளினிக் போனாலும் ஏறி நில்லுங்கறாங்க, பெங்கேல் பட்டறைக்கு வந்தாலும் தராசா? நீங்க பாருங்கக்கா, நான் வெளியவே நிக்கிறேன்லா.”

தன்னால் ஆடுமா

முனியாண்டி அண்ணன் வந்த நாளை மட்டும் நான் சிரிக்காமல்தான் சொல்ல வேண்டும். புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிக்கப் ஓட்டுகிறவர். கையில் சாமான் எதுவும் இல்லை, பின்னால் டிரெய்லரும் இல்லை. பட்டறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு டிரெய்லராகக் குனிந்து பார்த்தார். கடைசியில் என் முகத்தைப் பார்க்காமலே, ஒரு டிரெய்லர் தன்னால் ஆடுமா என்று கேட்டார்.

நாற்காலி போட்டு உட்கார வைத்து ஒரு தே-ஓ கொடுத்த பிறகுதான் கதை வந்தது. அவர்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் டிரெய்லர்தான் ரதம். பல வருஷமாக அதை இழுப்பவர் இவர். போன வருஷம் ஊர்வலம் பாதியில் இருக்கும்போது மழை கறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. சீக்கிரம் கீழே போய்ச் சேர் என்று சொல்லியிருக்கிறார்கள். மேட்டிலிருந்து இறங்குகிற ரோட்டில் ரதம் வாலாட்டத் தொடங்கி, ஆட்டம் கூடிக்கூடி, கடைசியில் சாலையோரக் கால்வாயில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. அம்மனின் கிரீடம் மட்டும் கழன்று சேற்றில் விழுந்தது. அன்று சாயங்காலமே தோட்டம் முழுக்க ஒரே பேச்சு: முனியாண்டி தண்ணி போட்டுவிட்டு ஓட்டினான்.

இவர் ஒரு காலத்தில் குடித்தவர்தான். அந்த அம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்து குடியை விட்டவர். அதற்கப்புறம் ஒரு சொட்டு தொட்டதில்லை. குடிகாரன் என்று சொன்னால்கூடத் தாங்கிக்கொள்வார் போலிருந்தது, சத்தியத்தை மீறினான் என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த வருஷம் ரதத்தை இழுக்கச் சிரம்பானிலிருந்து வேறு டிரைவரைப் பேசிவிட்டார்களாம். அது போகட்டும், ஆனால் அன்றைக்கு நடந்தது என் கையாலா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றார். இவ்வளவு நாள் யாரிடமும் கேட்கவில்லையா என்றேன். அவர் கையில் இருந்த கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “யாருகிட்ட கேக்குறது? என் சம்சாரமே அன்னைக்கு என் வாயை மோந்து பாத்துச்சு தங்கச்சி.”

ஆடுகளுக்கு யார் சொல்வது

முனியாண்டி அண்ணனிடம் உங்கள் தோட்டத்துக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அதற்கு முன் பெருமாளின் ஆடுகளைச் சமாளிக்க வேண்டியிருந்தது. அவர் டிரெய்லர் வெறுமனே இருக்கும்போது கணக்குச் சுத்தமாக இருந்தது. ஆடுகளை ஏற்றி நிறுத்தேன், முன்பாரம் சரி. கையைத் தட்டிவிட்டுத் திரும்பினேன். எங்கோ ஒரு லோரி ஹார்ன் அடித்தது. அத்தனை ஆடும் பின்பக்கம் ஓடிப்போய் நின்றுகொண்டன. தராசு முள் பாதிக்கும் கீழே போய்விட்டது. நான் முன்னால் போய் ‘பா, பா’ என்று கூப்பிட்டேன். எல்லாம் திரும்ப முன்னால் வந்தன, தராசு முனகியது.

இதற்குப் படிப்பில் என்ன சொல்லியிருக்கிறதோ தெரியாது. என் வீட்டுக்காரர் டிரெய்லரின் நடுவில் ஒரு தடுப்பு வைத்து வெல்டிங் செய்தார். முன்பக்கத்தில் தழை கட்டத் தொங்கல் ஒன்றும் வைத்தார். ஆடுகள் பாதி அங்கே, பாதி இங்கே. அடுத்த வாரம் பெருமாள் வந்தபோது ஆட்டம் நின்றுவிட்டதா என்று கேட்டேன். “நின்னுருச்சுக்கா. ஆக பெரிய கிடாவை முன்னால கட்டிட்டேன். அது நம்ம கட்சித் தலைவர் மாதிரி, ஒரு தடவை உக்காந்துட்டா எடத்தை விட்டு எந்திரிக்கவே எந்திரிக்காது.”

காருக்கு வலிக்கும்

நமது மக்களிடம் ஒரு குணம் உண்டு. கார் மேல் பாசம். பிள்ளை மழையில் நனைந்தாலும் நனையட்டும், கார் வெயிலில் நிற்கக் கூடாது. லோபாக்கில் தோசைக் கடை போடுகிற தேவகி இந்த வகை. அடுப்பு, மாவு வாளி, கேஸ் தோம்பு எல்லாம் ஒரு டிரெய்லரில் வைத்து இழுத்துக்கொண்டு போவாள். புதுக் கார். அதன் பின்பக்கம் ஓர் அங்குலம் இறங்கினால்கூட அவளுக்கு நெஞ்சு வலிக்கும். அதனால் கனமான சாமானை எல்லாம் காருக்கு எட்டாத தூரத்தில், டிரெய்லரின் கடைசியில் ஏற்றுவாள். அப்படிச் செய்யாதே என்று நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒரு காலையில் பாசார் சந்தைப் பக்கத்தில் கடை போடுகிற இடத்தில் டிரெய்லரைக் கழற்றியிருக்கிறாள். கொக்கியை விட்டதும் கழுத்து விருட்டென்று வானத்தைப் பார்த்தது. பின்பக்கம் தரையில் உட்கார்ந்தது. மாவு வாளி சரிந்து, தோசை ஆகியிருக்க வேண்டியது அத்தனையும் ரோட்டில் ஓடியது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மாவுக்கு நடுவில் செருப்போடு நின்று காரைத் தடவிக்கொண்டிருந்தாள். இப்போதாவது புத்தி வந்ததா என்று கேட்டேன். “மாவு போனா ஆட்டிக்கலாம்கா. கார் ஒரு இஞ்ச்கூட எறங்கல, பாத்தீங்களா?”

டுரியான் வெளிச்சம்

தேவகி கதையை நான் ஊரெல்லாம் சொன்னதன் பலன், அவள் கொழுந்தன் ராஜூ தன் டிரெய்லரில் இருந்த அத்தனையையும் முன்னால் நகர்த்திவிட்டான். அளவு என்று ஒன்று இருக்கிறதே, அதை யாரும் கேட்டுக்கொள்வதில்லை. பிக்கப்பின் பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி குந்தி, முகப்பு அண்ணாந்துகொண்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி யோசித்துத்தான் திரும்பும். இருட்டினதும் இப்படி ஓட்டிக்கொண்டு போனாயே, ரோடு தெரிந்ததா என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. “ரோடு தெரியலக்கா. ஆனா லைட்டு நேரா டுரியான் மரத்துல அடிச்சுச்சு, பழம் எங்க காச்சிருக்குன்னு நல்லாத் தெரிஞ்சுச்சு.”

வெறும் ரதம்

சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் தராசைத் தூக்கிக்கொண்டு முனியாண்டி அண்ணன் தோட்டத்துக்குப் போனோம். கோயில் தலைவர் கணேசன் ஐயா வேலையில் இருந்த காலத்தில் மண்டோர், அதாவது கங்காணி. இன்னும் ஆட்களைப் பார்க்கிற பார்வை அதேதான். டிரெய்லரை நிறுக்க வந்திருக்கிறேன் என்றதும் என்னையும் அப்படித்தான் பார்த்தார். ஆனால் தடுக்கவில்லை. திருவிழா நெருங்கியதால் உருமிக் குழு ஒரு பக்கம் பழகிக்கொண்டிருந்தது. அண்ணனின் மனைவி லெட்சுமி அக்கா எல்லாருக்கும் மைலோ கலக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் மட்டும் தூரத்தில், வேப்பமரத்தடியில், தன் பிக்கப்பில் சாய்ந்து நின்றார்.

டிரெய்லரை நிறுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இன்னொரு முறை நிறுத்தேன். அப்போதும் சரி. டிரெய்லரில் குறை இல்லை என்றால் குறை யாரிடம்? தலைவர் மரத்தடியைப் பார்த்தார். அங்கே நின்றவரின் தலை குனிந்ததை நானும் பார்த்தேன். இந்த வேலைக்கு ஏன் வந்தோம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் அன்றைய கணக்கில் முதல் தடவை வாய் திறந்தார். “வெறும் வண்டியை நிறுத்துப் பாத்து என்னா பண்றது? அன்னைக்கு எப்படி ஏத்துனாங்களோ, அப்படியே ஏத்தச் சொல்லு.”

அம்மன் இடத்தில் யார்

ஏற்றுவது என்றால் சும்மாவா? அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். ரதத்தில் அம்மன் முதலில் இருப்பாள், வழி பார்த்துக்கொண்டு போவாள். அம்மனுக்கு முன்னால் ஒரு சாமானும் வைக்க மாட்டார்கள். தாம்பாளத்தைக்கூடப் பக்கத்தில்தான் வைப்பார்கள். ஆகவே அன்னதானத்து அரிசி மூட்டை, தண்ணீர் டிரம், பெரிய அண்டா எல்லாம் அம்மனுக்குப் பின்னால். ஜெனரேட்டர் புகை அம்மன் மேல் படக் கூடாது என்று அது எல்லாவற்றுக்கும் கடைசியில். அந்த ஜெனரேட்டர் போன வருஷம்தான் புதிதாக வந்தது, பழையதைவிட இரண்டு மடங்கு பெரிது. பக்தியில் ஒரு குறையும் இல்லை. முன்பாரத்தில்தான் கொஞ்சம் குறை.

இதில் பெரிய சிக்கல் அம்மன்தான். நேரம் காலம் பார்க்காமல் உற்சவ அம்மனைத் தூக்கி நிறுக்க முடியாது. அதே எடைக்கு வேறு ஏதாவது வைக்கலாம் என்றேன். ஒரு ஆள் உட்காரட்டும் என்றதற்கு எல்லாரும் என்னை விட்டு ஓரடி விலகி நின்றார்கள். உர மூட்டை என்று யாரோ சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் பூசாரி ஐயா ஓர் அரிசி மூட்டையைத் தூக்கி வந்து, முன்னால் நிறுத்தி, அதற்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் போட்டார். எடை சரியாக வருமா என்று கேட்டேன். “வருஷா வருஷம் தூக்குறவன் நான், எனக்குத் தெரியாதா? இறக்கி வைக்கிற வரைக்கும் இதுதான் அம்மா. நீ நிறு.”

எந்திரிக்காதீங்க

எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கூட்டிப் பார்த்தால் எண்ணூறு கிலோ பக்கம் வந்தது. கழுத்தில் குறைந்தது எண்பதாவது இருக்க வேண்டும். தராசு இருபதைக்கூடத் தொடவில்லை. நான் தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, குறைவுதான், ஆனால் இதற்காகவா கால்வாயில் இறங்கும் என்றார். நியாயமான கேள்விதான். எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்.

அந்த நேரத்தில் உருமி அடித்துக் களைத்த இரண்டு பேர் வந்து, பேச்சு மும்முரத்தில், ரதத்தின் வால்பலகையில் ஏறி உட்கார்ந்தார்கள். தராசு முள் சுழன்று பூஜ்யத்துக்கு வந்தது. மரத்துண்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கழுத்து மேலே எழும்பிக்கொண்டே போனது. எந்திரிங்க என்று நான் கத்தினேன். என் வீட்டுக்காரர் வால்பக்கத்துக்கு அடியில் அதற்குள் ஒரு கட்டையைக் கொடுத்துவிட்டார். எந்திரிக்காதீங்க, அப்படியே இருங்க என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை, அதனால் எல்லாரும் அப்படியே நின்றோம். தலைவர் தொங்குகிற கழுத்தைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்தார். அதில் மூத்தவன் சிவா. எங்கள் பட்டறைக்கு எதிரே உள்ள தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறான், தினமும் பார்க்கிற முகம். அந்த முகம் வெளுத்துவிட்டது.

போன வருஷம் மழைக்குப் பயந்து ரதம் வேகமாகப் போனபோது, கனத்த உருமியோடு ஓட முடியாமல் இவர்கள் இரண்டு பேரும் பின்னால் தொற்றி ஏறியிருக்கிறார்கள். கூட்டம் மேட்டிலேயே நின்றுவிட்டதால் யாரும் பார்க்கவில்லை. ஆட்டம் வந்ததும் லாலாங் புல்லில் குதித்திருக்கிறார்கள். அம்மன் ரதத்தில் ஏறி உட்கார்ந்தோம் என்று சொன்னால் என்ன ஆகுமோ என்று வாயை மூடிக்கொண்டார்கள். ஏறினதுதான் காரணம் என்று அவர்களுக்கே இப்போதுதான் தெரியும். இதைச் சொல்லிவிட்டுச் சிவா அழுதுவிட்டான். வேப்பமரத்தடியிலிருந்து முனியாண்டி அண்ணன் நடந்து வந்து தராசைக் குனிந்து பார்த்தார், வேறு யாரையும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் தலைவரிடம் போனார். “ஆட்டம் வந்தப்ப இவரு பயந்து பிரேக்கைப் போட்டு மிதிச்சிருந்தா, வண்டி மடங்கிப் பொரண்டிருக்கும். மிதிக்காம நேராப் புடிச்சிருக்காரு. தண்ணி போட்டவனால அது முடியாதுங்க ஐயா.”

அரிசி மேலே

குற்றம் தெரிந்துவிட்டது, சரி. பாரத்தை என்ன செய்வது? ஜெனரேட்டரையும் டிரம்மையும் சக்கரத்துக்கு நேர் மேலே நகர்த்தினோம். உருமிக்காரர்கள் நடந்தே வருவதாகக் கற்பூரம் அடிக்கத் தயாராக இருந்தார்கள். அப்படியும் முன்பாரம் போதவில்லை. அரிசி மூட்டைகள் முன்னால் போனால்தான் சரியாகும். ஆனால் முன்னால் அம்மன். அம்மாவுக்கு முன்னால் மூட்டை அடுக்குவியா, உன் வீட்டுச் சாமி மேடைக்கு முன்னால் அடுக்குவியா என்று தலைவர் கேட்டார். அடுக்க மாட்டேன்தான். நான் வாயை மூடிக்கொண்டேன், அது எனக்கு அடிக்கடி வராத காரியம்.

லெட்சுமி அக்கா மைலோ ஜாடியோடு பக்கத்தில் வந்தார். சிவா அழுததிலிருந்து ஜாடியைக் கீழே வைக்கவே இல்லை. வீட்டில் கலசம் வைக்கும்போது எதன் மேல் வைக்கிறோம், இலையில் அரிசி பரப்பி அதன் மேல்தானே என்று மெதுவாகக் கேட்டார். அம்மாவையும் அரிசி மேலேயே உட்கார வையுங்கள் என்றார். இரும்புத் தொழிலில் தலை நரைத்த எங்களுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். அகலமாக, உயரம் குறைவாக ஒரு பெட்டி, உள்ளே அரிசி மூட்டைகள் படுத்திருக்கும், மேலே அம்மனின் பீடம். என் வீட்டுக்காரர் அங்கேயே தரையில் குச்சியால் படம் போட்டார். அரிசி மூட்டைகளை முன்னால் படுக்கப்போட்டு, மேலே மஞ்சள் பூசிய மூட்டையை வைத்துத் திரும்ப நிறுத்தபோது தராசு தொண்ணூறு காட்டியது. தலைவர் அதைத் தாமே இரண்டு முறை படித்தார். தலைவர் என்றால் சும்மாவா, தோற்ற மாதிரி காட்டிக்கொள்ளவே இல்லை. “அம்மாவுக்கு முன்னால வைக்கக் கூடாதுன்னுதான் நான் சொன்னேன். கீழ வைக்கக் கூடாதுன்னு நான் எப்பம்மா சொன்னேன்?”

மேட்டு ரோடு

திருவிழா அன்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் பட்டுப்புடவை கட்டி, காரின் பின்பக்கப் பூட்டில் தராசையும் எடுத்துக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டுப் பூட்டை மூடினார். சிரம்பானிலிருந்து பேசியிருந்த டிரைவர் வரவில்லை. வர வேண்டாம் என்று தலைவரே சொல்லிவிட்டாராம். பூசை முடிந்ததும் தலைவர் பிக்கப் சாவியைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கோடு முனியாண்டி அண்ணனிடம் நீட்டினார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. மண்டோராக இருந்தவர் வாயில் அது லேசில் வராது. ஆனால் தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அண்ணனும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மேட்டு ரோடு வந்ததும் கூட்டத்தில் பேச்சு நின்றது. உருமிகூட நின்றுவிட்டது. பிக்கப் மெதுவாக இறங்கியது, பின்னால் அரிசி மேல் அம்மன். போன வருஷம் ஆடிய இடம் வந்தது. இத்தனை டிரெய்லர் நிறுத்தவள், கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கம்தான், ஆனாலும் மூடிக்கொண்டேன். திறந்தபோது ரதம் கீழே சமதரையில் நின்றிருந்தது. கிரீடம் இருந்த இடத்தில் இருந்தது. உருமி திரும்ப ஆரம்பித்தது, அதுவும் நடந்துகொண்டே.

தேங்காய் உடைக்கிற கூட்டத்துக்குள் புகுந்து லெட்சுமி அக்கா பிக்கப் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அண்ணன் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம். கண்ணாடியை இறக்கி, எல்லாரும் பார்க்கும்படி தலையை வெளியே நீட்டி, இப்ப மோந்து பாரு லெச்சுமி என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கண்ணில் தண்ணீர் நின்றது. அக்கா நிஜமாகவே எட்டி, கிட்டே போய், மோந்து பார்த்தார். சுற்றி நின்ற தோட்டமே காத்திருந்தது. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு அக்கா சொன்னார். “வெறும் வயித்து வாடைதான் வருது. எறங்கி வந்து சாப்பிடுங்க.”

டிரெய்லர் ஆடினால் ஓட்டுகிறவர் வாயை மோந்து பார்க்கும் முன் வால்பலகையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எட்டிப் பாருங்கள் என்று பட்டறை வாசலில் எழுதிப் போடலாம் என்று நினைக்கிறேன், அவ்வளவு பெரிய பலகையை மாட்டினால் எங்கள் கடைக்கே முன்பாரம் கூடிவிடும் என்று என் வீட்டுக்காரர்தான் தடுத்துக்கொண்டிருக்கிறார்.